பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியேட்டரை வீட்டில் மாற்றுதல்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியேட்டரை வீட்டில் மாற்றுதல் என்பது, நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்ட பழைய காரில் பழுதடைந்த ரேடியேட்டரைக் கழற்றி, எஞ்சினின் நீர்ப்பாதையைக் கழுவி, புதிய அல்லது புதுப்பித்த ரேடியேட்டரைப் பொருத்தும் பராமரிப்புப் பணி ஆகும். சாதாரணக் கைக்கருவிகள் இருந்தால் இதை ஒரு பகல்பொழுதில் முடிக்கலாம். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் இப்பணிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இங்கு உப்புக் காற்று ரேடியேட்டரை வெளியிலிருந்தும் உவர்நீர் உள்ளிருந்தும் அரிக்கின்றன. ஆகவே பழைய ரேடியேட்டர் எதனால் கெட்டது என்பதைக் கண்டறியாமலும், ஊற்றும் தண்ணீரை மாற்றாமலும் ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் அதே பழுது விரைவில் திரும்பி வரும்.

பின்னணி

தொடக்ககாலக் கார்களில் எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறியது. ஓட்டுநர் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. வில்கெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் இடம்பெற்றது. ஆயிரக்கணக்கான சிறு குழாய்களைக் கொண்ட அந்த அமைப்பு, குறைந்த நீரைக் கொண்டே எஞ்சினைக் குளிர்வித்தது. இன்றைய ரேடியேட்டர்களும் அதே கருத்தின் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பழைய கார்களுடன் நெருங்கிய தொடர்புடையது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிகேலொட்டி உருவாக்கிய டிரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1961 முதல் அது ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் சென்னையில் தயாரிக்கப்பட்டது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டிலும் முன்பக்க மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் மூன்று பக்கங்களிலிருந்தும் கைக்கு எட்டும்படி வைத்த இந்த அமைப்பு வீட்டில் வேலை செய்வோருக்குப் பெரும் வசதி. கீழே விவரிக்கப்படும் முறை இவ்வகை எளிய நான்கு சிலிண்டர் கார்களுக்கும், இவற்றின் காலத்தைச் சேர்ந்த பிற கார்களுக்கும் பொருந்தும்.

அமைப்பும் செயற்பாடும்

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீரின் வழியே வெளியேற வேண்டும். நீர்ப்பம்பு அந்த நீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. எஞ்சின் போதிய சூட்டை அடையும்வரை தெர்மோஸ்டாட் என்ற அடைப்பான் மூடியிருக்கும். பல கார்களில் ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் அது திறக்கத் தொடங்கும். அதன்பின் சூடான நீர் மேல் ஹோஸ் குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் நுழைந்து, மெல்லிய குழாய்களில் பாய்ந்து, குழாய்களுக்கு இடையிலுள்ள தகடுகள் வழியாகக் காற்றிடம் வெப்பத்தை இழந்து, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

ரேடியேட்டர் மூடியும் இந்த அமைப்பின் ஒரு முக்கிய உறுப்பு. அதிலுள்ள சுருள்வில் அழுத்தத்தைத் தேக்கி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. 7 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் வெறும் நீர் ஏறத்தாழ 111 பாகையிலும், 13 பி.எஸ்.ஐ. மூடியில் ஏறத்தாழ 119 பாகையிலும் கொதிக்கும். மூடியிலுள்ள மற்றொரு சிறிய அடைப்பான், எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு ஹோஸ் சப்பிப்போவதைத் தடுக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் நிறுவனம், 1990களில் இந்த மூடிகளை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது இந்திய உதிரிபாகத் தொழிலின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

கடற்கரையில் பழுதுக்கான காரணங்கள்

வெப்பம்

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, உள்ளிருக்கும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 85 பாகையும் காற்று 20 பாகையும் இருந்தால் வேறுபாடு 65 பாகை. தூத்துக்குடியின் கோடையில் காற்று 37 பாகையைத் தொட்டால் வேறுபாடு 48 பாகையாகச் சுருங்கும். அதாவது குளிர்நாட்டை மனதில் கொண்டு வடிவமைத்த ஒரு காரின் குளிர்விப்புத் திறனில் நான்கில் ஒரு பங்கு இங்கே தானாகவே குறைந்துவிடுகிறது. அங்கே கால்வாசிக் குழாய்கள் அடைத்திருந்தாலும் ஓடக்கூடிய கார், இங்கே துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது கொதித்துவிடும்.

வெளியிலிருந்து உப்பு

கடலிலிருந்து வீசும் கொண்டற்காற்று நுண்ணிய உப்புத் துளிகளைக் கொண்டுவருகிறது. நகரைச் சுற்றியுள்ள உப்பளங்களின் புழுதியும் இதனுடன் சேர்கிறது. தகடுகளில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி எப்போதும் கசிவாகவே இருக்கும். செம்புத் தகடுகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு தோன்றுகிறது. அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர்கின்றன. தகடு குழாயிலிருந்து விடுபட்டதும், குழாயில் ஓட்டை விழாவிட்டாலும் வெப்பம் கடத்தப்படுவது குறைந்துவிடும். ஒழுகாத ரேடியேட்டர் நல்ல ரேடியேட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உள்ளிருந்து உப்பு

தூத்துக்குடியின் உப்பளங்கள் பல, நிலத்தடி உவர்நீரைக் கிணறுகளிலிருந்து இறைத்தே உப்பு எடுக்கின்றன. நகரின் குடிநீருக்குத் தாமிரபரணி ஆறு ஆதாரமாக இருப்பதும் இதே காரணத்தோடு தொடர்புடையது. இத்தகைய நிலத்தின் போர்வெல் நீரை ரேடியேட்டரில் ஊற்றும்போது இரு தீங்குகள் நேர்கின்றன. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூடான பரப்புகளில் படிந்து, குடிநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற வெண்படலமாகக் குழாய்களை அடைக்கிறது. குளோரைடு உப்பு உலோகத்தில், குறிப்பாக அலுமினியத்தில், ஊசித்துளைகளை ஏற்படுத்துகிறது. சிறிய ஒழுகலுக்குத் தினமும் ஒரு செம்பு போர்வெல் நீர் ஊற்றி ஓட்டும் வழக்கம், அந்தச் சிறிய ஒழுகலைவிடக் கேடானது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புதிய உப்பும் புதிய சுண்ணாம்பும் உள்ளே சேர்கின்றன.

கடலோடும் விசைப்படகுகளில் இதற்கான பாடம் உண்டு. அவற்றின் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கடல்நீர் எஞ்சினுக்குள் நேரடியாக விடப்படுவதில்லை. எஞ்சினுக்குள் நன்னீர் சுற்றுகிறது. வெப்பமாற்றி ஒன்றில் கடல்நீர் தனிப் பாதையில் ஓடி அந்த நன்னீரைக் குளிர்விக்கிறது. கடல்நீர்ப் பக்கத்தில் துத்தநாகத் துண்டு ஒன்றைப் பொருத்தி, அரிப்பை அது ஏற்றுக்கொள்ளும்படி செய்வார்கள். கடலின் நடுவிலேயே எஞ்சினுக்குள் உப்பு நுழையாமல் காக்கப்படும்போது, கரையில் நிற்கும் காரில் உவர்நீரை ஊற்றுவது பொருந்தாது.

மாற்றுவதற்கு முன் கண்டறிதல்

எஞ்சின் சூடேறுவதற்கு ரேடியேட்டர் மட்டுமே காரணம் அல்ல. பின்வருவனவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, நீர்ப்பம்பின் அச்சு ஒழுகுகிறதா, மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்பவை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் குறித்துள்ள வெப்பநிலையையொட்டி அது திறப்பதைக் கண்ணால் காணலாம். வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதை எடுத்தெறியும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அடைத்த ரேடியேட்டரை அது சரிசெய்யாது. எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகி, பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும்.

எஞ்சின் ஓடும்போது நீரில் தொடர்ச்சியாகக் குமிழ்கள் வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்யாமல் புதிய ரேடியேட்டர் பொருத்துவது வீண்செலவு.

ரேடியேட்டரின் உட்புறம் அடைத்திருப்பதை அறிய, எஞ்சின் சூடேறிய பின் அதை நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து தகடுகளுக்கு அருகில் கையைக் கொண்டுசெல்லலாம். சூடான பரப்பின் நடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே நீர் ஓடவில்லை. மின்சார ஃபேன் உள்ள கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரெனச் சுழலும் என்பதால், இச்சோதனைக்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

ரேடியேட்டரைத் தேர்ந்தெடுத்தல்

பழைய கார்களின் ரேடியேட்டர்கள் பித்தளைக் குழாய்களையும் செம்புத் தகடுகளையும் ஈயப்பற்றால் இணைத்துச் செய்யப்பட்டவை. இவற்றுக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. ரேடியேட்டர் பட்டறையில் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். குழாய்ப் பகுதி முழுவதும் கெட்டிருந்தால், பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றலாம். எளிதில் கிடைக்காத கார்களுக்கு இதுவே பெரும்பாலும் சிறந்த வழி. ஹோஸ் முனைகளும் திருகுத் துளைகளும் பழைய இடத்திலேயே இருக்கும்.

அலுமினிய ரேடியேட்டர் எடை குறைந்தது. அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் செம்பைவிடக் குறைவு என்றாலும், அகன்ற குழாய்களால் அக்குறை ஈடுசெய்யப்படுகிறது. ஆனால் உப்புச் சூழலில் அலுமினியம் இரும்பையோ பித்தளையையோ தொட்டுக்கொண்டிருந்தால் விரைந்து அரிக்கும். ஆகவே தாங்கிகளில் ரப்பர் வளையங்கள் அவசியம். பிளாஸ்டிக் தொட்டி கொண்ட வகையைப் பித்தளை ரேடியேட்டரைப் போல ஈயப்பற்று வைத்துப் புதுப்பிக்க முடியாது. 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழமைவாய்ந்தவையாகப் பதிவு செய்வதற்கு 2021இல் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. காரின் அசல் தன்மையைப் பேண விரும்புவோர் பித்தளை ரேடியேட்டரையே தேர்வு செய்கின்றனர்.

வாங்கும்முன் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஹோஸ் முனைகளின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, தடிமன் ஆகியவற்றை அளக்க வேண்டும். கூடுதல் தடிமனுள்ள ரேடியேட்டர் ஃபேனில் உரசும் அபாயம் உண்டு.

தேவையான பொருட்கள்

ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், ஜாக்கியும் உறுதியான தாங்கிகளும், அகன்ற தட்டு, கையுறை, கண்ணாடி, புதிய ஹோஸ்களும் கிளாம்ப்புகளும், தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கட்டும், புதிய மூடி, கூலன்ட் அடர்கரைசல், போதிய அளவு டிஸ்டில்ட் வாட்டர் ஆகியவை தேவை. சிறிய நான்கு சிலிண்டர் கார்களின் குளிர்விப்பு அமைப்பு பெரும்பாலும் 4 முதல் 7 லிட்டர் வரை கொள்ளும். சரியான அளவைக் காரின் கையேட்டில் காணலாம்.

செய்முறை

1. வடித்தல்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில், முதல்நாள் இரவு முதல் நின்ற காரில் தொடங்குவது நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விலகி, 100 பாகையைத் தாண்டிய நீர் நொடியில் ஆவியாகி முகத்திலும் கையிலும் பீய்ச்சியடிக்கும். தடித்த துணி இதற்குப் பாதுகாப்பு ஆகாது. மேல் ஹோஸை வெறுங்கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிந்தால் மட்டுமே மூடியைத் தொட வேண்டும்.

கார் சமதளத்தில் நிற்க, கைபிரேக் போட்டு, பேட்டரியின் இணைப்பை எடுக்க வேண்டும். காருக்கு அடியில் செல்ல வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைக்க வேண்டும். தட்டை அடியில் வைத்து, ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறக்கலாம். வடிகுழாய் இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். எஞ்சின் பிளாக்கிலும் தனி வடிதிருகு இருக்கலாம்.

2. கழற்றுதல்

துருப்பிடித்த கிளாம்ப்புகளை முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் இட்டு வைத்தால் எளிதில் திறக்கும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. பழைய பித்தளை முனைகள் வளைந்துவிடும். எப்படியும் புதிய ஹோஸ் போடப்போவதால் பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பது பாதுகாப்பானது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிவிட்டு, தாங்கித் திருகுகளைக் கழற்றி, ரேடியேட்டரை நேராக மேலே தூக்க வேண்டும். ரப்பர் வளையங்களும் வாஷர்களும் இருந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

3. எஞ்சினைக் கழுவுதல்

பலர் தவிர்த்துவிடும் படி இது. பல ஆண்டு உவர்நீர் ஓடிய வார்ப்பிரும்பு எஞ்சினில் துருவும் சேறும், குறிப்பாகப் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி, தேங்கியிருக்கும். அதைக் கழுவாமல் விட்டால் அந்தத் துரு முழுவதும் புதிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போய்ச் சேரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, மேலிருந்து நீரைச் செலுத்தி, வடிதிருகுத் துளை வழியாக வெளியேற்ற வேண்டும். துளை அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறக்கலாம். பின்னர் எதிர்த்திசையிலும் செலுத்த வேண்டும். வெளியேறும் நீர் தெளியும்வரை இதைத் தொடரலாம். இதற்குக் குழாய்நீர் போதும். இறுதி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டரைப் பயன்படுத்தினால் உள்ளே உப்பு எஞ்சாது.

4. பொருத்துதல்

ரேடியேட்டரை ரப்பர் வளையங்களின் மீது அமர்த்தி, எல்லாத் திருகுகளையும் கையால் தொடங்கிய பிறகே இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் முழுவதும் இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு ஈயப்பற்று விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டையும் புதிய கேஸ்கட்டையும் பொருத்தி, ஹோஸ்களை முனையின் விளிம்பைத் தாண்டும்வரை செருகி, கிளாம்ப்பை விளிம்புக்குப் பின்னால் நிறுத்தி இறுக்க வேண்டும். ஃபேனைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

5. நிரப்புதலும் காற்று நீக்கமும்

தூத்துக்குடியில் நீர் உறையாது என்பதால் கூலன்ட் தேவையில்லை என்று எண்ணப்படுவதுண்டு. உறைவதைத் தடுப்பது கூலன்டின் ஒரு பணி மட்டுமே. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களே இங்கு முதன்மையானவை. அதே சமயம் கிளைகால் மிகுந்தால் வெப்பம் ஏந்தும் திறன் குறையும். எனவே வெப்பப் பகுதிகளில் அடர்கரைசல் ஒரு பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு பங்கு என்ற அளவு பொதுவாகப் பொருந்தும். தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஈயப்பற்று உள்ள பித்தளை ரேடியேட்டர்களுக்குப் பழைய கார்களுக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் வகையே ஏற்றது. வெவ்வேறு வகைக் கூலன்ட்களைக் கலக்கக் கூடாது.

காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கி விட்டால் காற்றுக் குமிழ்கள் மேலேறும். தாழ்ந்த பானெட் கொண்ட சில ஸ்போர்ட்ஸ் கார்களில் மூடி ரேடியேட்டரில் இல்லாமல் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் இருக்கும். அமைப்பின் உயரமான இடம் அதுவே. பேட்டரியை இணைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்போது மட்டம் இறங்கினால் மீண்டும் நிரப்பி மூட வேண்டும்.

நிரம்பிவழியும் நீரைப் பிடிக்கும் புட்டி இல்லாத பழைய கார்களில் விளிம்புவரை ஊற்றக் கூடாது. கழுத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே நிறுத்த வேண்டும். சூட்டில் விரியும் நீர் வெளியே துப்பப்படுவதை ஒழுகல் என்று தவறாக எண்ணி, மறுபடி மறுபடி நிரப்புவோர் உண்டு.

6. சோதனை

எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு வெப்பமானியையும் இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். பின்னர் வீட்டுக்கு அருகிலேயே சிறு தூரம் ஓட்டி, முழுவதும் ஆறிய பின் மட்டத்தையும் கிளாம்ப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும். வெப்பமானி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். சிவப்பைத் தொட்டால் உடனே நிறுத்த வேண்டும். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று ஓட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான் சிலிண்டர் ஹெட் வளைந்து, சிறிய செலவு எஞ்சினைப் பிரிக்கும் செலவாக மாறுகிறது.

கழிவும் பாதுகாப்பும்

கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடையது, ஆனால் கடும் நஞ்சு. திறந்த தட்டில் விட்டால் நாய், பூனை, கோழி குடித்துவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. வடித்தவுடன் மூடியுள்ள கேனில் ஊற்றிப் பெயர் எழுதி வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் சேமிக்கக் கூடாது. சாக்கடையிலோ மணலிலோ கொட்டாமல், கழிவு நீர்மங்களைச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம். பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு.

தொடர் பராமரிப்பு

கடற்கரைச் சாலையிலோ உப்பளப் பகுதியிலோ ஓடும் காரின் ரேடியேட்டரை, எஞ்சின் ஆறிய பின், வாரம் ஒருமுறை நன்னீரால் மெதுவாக அலச வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீர் வருமாறு அலசினால் பூச்சியும் புழுதியும் வந்த வழியே வெளியேறும். அதிக அழுத்தமுள்ள நீர்ப்பீய்ச்சி தகடுகளை மடக்கிவிடும். வழக்கமான பழைய வகைக் கூலன்டின் அரிப்புத் தடுப்பான்கள் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால், ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு கேன் டிஸ்டில்ட் வாட்டர் இருந்தால், வழியில் மட்டம் குறையும்போது அருகிலுள்ள போர்வெல்லை நாட வேண்டியதில்லை. மட்டம் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டாமல் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.